கடைசி வரிசையில் ஒரு கை

நகராட்சியில், காது கேட்காத ஒரு பெண்மணிக்கு, காது கேட்பதற்காகவே மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய இடம் துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள முடிதிருத்தும் கடை. அங்கிருந்து கயிற்றுக் கடைகள் வழியாக நடந்து அஞ்சலகத்தை அடைவதற்குள் அந்தப் பெண்மணி ஆணையருக்குச் சின்ன மாமியார் முறை ஆகிவிட்டார். பேருந்து நிலையத்தில் அவருக்குச் சொந்தமாகக் கார் வந்தது. மீன் ஏலக் கூடத்தைத் தொட்டபோது, கண்ணும் சரியாகத் தெரியாதாம் என்று சேர்ந்துகொண்டது. ஊர் இன்னும் ஒரு கிலோமீட்டர் நீண்டிருந்தால் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்றும் சொல்லியிருப்பார்கள். நல்ல வேளை, அதற்குள் கடல் வந்துவிட்டது.

வதந்தியைச் சரிபார்ப்பது வதந்திக்குச் செய்யும் துரோகம். ஆனாலும் ஒவ்வொன்றாக விசாரித்ததில் தெரிந்தது இது. ஆணையருக்கு உறவு என்பது பொய். எதிரே வந்து நின்றால்கூட ஆணையருக்கு அவரை அடையாளம் தெரியாது. கார் பொய்; இரண்டு முறை அடி மாற்றித் தைத்த செருப்பில் நடந்துதான் வேலைக்கு வருகிறார். கண் பொய், ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேடுவதில்லை. காது விஷயம் மட்டும் பாதி உண்மை. கணக்காகப் பாதி. அந்தப் பாதியை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நகராட்சி ஊழியர்கள் அவரைக் கடைசி வரிசை அக்கா என்பார்கள். பதவியின் பெயர் தற்காலிக ஒலி கேட்பாளர். மூன்று மாதத்துக்கென்று உண்டாக்கிய பதவி அது. இருபத்தோரு வருடமாகத் தற்காலிகமாகவே இருந்து வந்தது.

பதவி உண்டான கதைக்கு நகர மன்றம்தான் காரணம். கடலைப் பார்த்துக் கல் தூண்களோடு நிற்கும் பெரிய கட்டடம். கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கட்டியவருக்கு எல்லாம் நினைவிருந்தது, உள்ளே மனிதர்கள் பேசுவார்கள் என்பது மட்டும் மறந்துவிட்டது. அங்கே ஒரு முறை நகராட்சித் தலைவர், தமக்கு முன்பு தலைவராக இருந்து மறைந்தவருக்கு இரங்கல் உரை ஆற்றினார். பின் வரிசைகளில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காதவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். தலைவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கை தட்டினார்கள். "நம்மை விட்டுப் போய்விட்டார்" என்ற இடத்தில் ஒருவர் விசில் அடித்தார். மறுநாளே தீர்மானம் போட்டார்கள்: இனி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், நல்ல காது உள்ள ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில் அக்கா வீட்டு வரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வயது முப்பத்திரண்டு. இறந்துபோன அப்பாவின் பெயரை மாற்ற வந்தவர். அங்கிருந்த எழுத்தர், டோக்கன் எண்ணைத் தமது மீசைக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லும் பழக்கம் உள்ளவர். நாற்பது பேர் நின்ற வரிசையில் இருபத்தேழு என்று அவர் முணுமுணுத்தது அக்காவுக்கு மட்டும் கேட்டது.

"உனக்கு எப்படிம்மா கேட்டுச்சு?" என்றார் பக்கத்தில் நின்ற மேலாளர்.

"அவர் சொன்னாரு. கேட்டுச்சு."

வேலை கிடைத்துவிட்டது. வீட்டு வரியில் பெயர் இன்னும் மாறவில்லை.

வேலை பார்க்க எளிது. மதியம் மூன்று மணிக்கு, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் நிகழ்ச்சியோ அங்கே போக வேண்டும். கடைசி வரிசையில், நடு இருக்கையில் உட்கார வேண்டும். மேடையில் மைக்காரர் பேசுவார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தூக்கியதும் அவர் நிறுத்திவிடுவார். ஐந்து மணிக்கு முன்னால் அரங்கத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும், ஏனென்றால் பார்வையாளர் இருக்கையில் நிகழ்ச்சி நேரத்தில் ஊழியர் அமரக் கூடாது என்று விதி. இப்படியாக, ஊரில் நடந்த எல்லாக் கூட்டத்துக்கும் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் முதலில் வந்து முதலில் போனவர் அவர். ஒன்றையும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஊரின் கட்டடங்களை அவரைப் போலக் காதால் அறிந்தவர் வேறு யாரும் கிடையாது. நகர மன்றத்தில், பால்கனிக்குக் கீழே வரும்போது குரல் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி அமுங்கிவிடும். பயணிகள் கப்பல் முனையத்துக்குத் தலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதற்குள் போன சொல் மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் கீழே இறங்கும். "கப்பல் புறப்படுகிறது" என்ற அறிவிப்பு பயணிகளின் காதுக்கு வந்து சேரும்போது கப்பல் பெரும்பாலும் புறப்பட்டிருக்கும். உள்விளையாட்டு அரங்கத்துக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் தும்முவதுகூடக் கேட்காது. "மழை இல்லாதபோது நன்றாகக் கேட்கிறது" என்று அக்கா எழுதிக் கொடுத்தார். நகராட்சி அதை அப்படியே பலகையில் எழுதி வாசலில் மாட்டியது.

நூலகத்துக்கும் ஒரு முறை அனுப்பினார்கள். புதிதாகக் கட்டிய வாசிப்பு அறையில் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது அல்லவா, அதைச் சோதிக்க. நான்கு மணி நேரம் கையைத் தூக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்து, "கேட்கவில்லை" என்று எழுதினார். ஒரு வாரம் கழித்து இரண்டு பேர் வந்து வாசிப்பு அறையில் ஒலிபெருக்கி மாட்டிவிட்டுப் போனார்கள்.

மேடையில் இருந்த மைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு வீடு நிறைய ஆள். மனைவி, மனைவியின் அம்மா, மூன்று பெண்கள், ஒரு கிளி. எல்லோரும் பேசுவார்கள், கிளி உட்பட. அவர் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை. வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. அதனால் மூன்று மணிக்கு எண்ணூறு காலி நாற்காலிகளுக்கு எதிரே நின்று மைக்கைத் தட்டும்போது அவருக்கு ஒரு தெம்பு வரும். வெறும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி முடிக்க மனசு வராது. கையில் கிடைத்ததைப் படிப்பார். தீ விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகள். அரங்கத்தில் கண்டெடுத்த பொருள்களின் பட்டியல். படிப்பதற்கு நடுவே கேட்பார்:

"கடைசி வரிசை, கேக்குதா?"

அக்கா வலது கையைத் தூக்குவார். அதுதான் பதில். கூடவே அவர்களுக்குள் சில சைகைகள் வளர்ந்திருந்தன. இரண்டு விரல் காட்டினால் எதிரொலிக்கிறது. உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினால் சத்தம் அதிகம். கையை இடது பக்கம் சாய்த்தால் இடது ஸ்பீக்கர் கம்மி. இருபத்தோரு வருடத்தில் இருவரும் அருகில் நின்று பேசிய பேச்சு எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பேருந்துப் பயணத்துக்குக் காணாது. இருந்த தூரம் எப்போதும் முப்பது வரிசை.

அக்காவின் அறை, கயிற்றுக் கடைக்கு மேலே மாடியில். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். காலையில் கிளம்பும்போது கயிற்றுக் கடைக்காரர் தலையை ஆட்டுவார். மளிகைக் கடையில் பொருள் எடுத்துக் கொடுப்பவர் விலையைத் தாளில் எழுதித் தள்ளுவார். வேறு ஊரில் இருக்கும் தம்பி, மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "நல்லா இருக்கியாக்கா? சரி, வெச்சிடறேன்" என்பான். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஒரு மனிதர் அவரை நோக்கிக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். கேக்குதா என்பது. அவர் சொல்கிற பதிலும் ஒன்றுதான். ஊரில் பலருக்கு அந்த ஒன்றுகூடக் கிடையாது என்று அவர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மைக்காரருக்கு நகர மன்றத்தில், இருக்கைக்கு அடியில் ஒரு பழைய வாரப் பத்திரிகை கிடைத்தது. மேலட்டை போயிருந்தது. அதில் ஒரு நீளக் கதை. ஒரு கப்பல் சமையல்காரன் தீப்பெட்டி வாங்கக் கரைக்கு இறங்குகிறான். வாங்கிக்கொண்டு திரும்பினால் கப்பலைக் காணோம். அடுத்த முறை வரும்போது ஏறிக்கொள்ளலாம் என்று அந்தத் துறைமுகத்திலேயே காத்திருக்கிறான். மைக்காரர் அதைச் சோதனைக்கு நாளொன்றுக்குப் பத்து வரியாகப் படித்தார். கடைசி வரிசையில் கை எழுந்ததும் நிறுத்தி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்.

கை எழுவது நாளுக்கு நாள் தாமதமாகியது. மைக்காரர் அதைக் கவனித்தார். வயசாகுது, பாவம், காது மங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்போது காதுக்கு ஒன்றும் இல்லை. கையைத் தூக்கினால் கதை நின்றுவிடும், அவ்வளவுதான். பத்து வரி என்பது பதினைந்தாகி, சில நாள் இருபதும் ஆயிற்று.

காது நிஜமாகவே போனது போன குளிர்காலத்தில். ஒரு காய்ச்சல் வந்து, நான்கு நாள் படுத்து எழுந்தபோது இடது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது அவருக்கு உடனே தெரியவில்லை. முதலில் தெரிந்தது துறைமுகச் சங்கு இடம் மாறியதுதான். காலை ஆறு மணிச் சங்கு வழக்கமாக ஜன்னல் பக்கம், கடலிலிருந்து வரும். அன்றைக்குச் சுவர் பக்கமிருந்து, ஊருக்குள்ளிருந்து வந்தது. துறைமுகத்தை எப்போது இடம் மாற்றினார்கள் என்று ஜன்னலைத் திறந்து பார்த்தார். துறைமுகம் அங்கேயேதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் போனை இடது காதில் வைத்தார். லைன் செத்திருந்தது. மறுநாள் தொலைபேசி அலுவலகத்துக்குப் போய்ச் சண்டையே போட்டார். அங்கிருந்தவர் போனை வாங்கித் தமது காதில் வைத்துப் பார்த்து, "அம்மா, போன் நல்லாத்தான் இருக்கு" என்று அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார். அந்த அனுதாபம்தான் விஷயத்தைச் சொன்னது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கடைசி வரிசை போய்விடும். சம்பளம் போனால் கயிற்றுக் கடையிலேயே திரி முறுக்கிப் பிழைத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வி போனால் வேறு யார் கேட்பார்கள்? நல்ல வேளையாக, வருடாந்தரச் செவிச் சான்றிதழ் நகராட்சி மருத்துவர் கையில் இருந்தது. அவர் தலையை நிமிர்த்தாமல், "காது நல்லா கேக்குதாம்மா?" என்பார். "கேக்குது சார்" என்றால் கையெழுத்து. அதுதான் பரிசோதனை.

ஒற்றைக் காதோடு ஆறு மாதம் ஓட்டினார். சத்தம் கேட்கும். எந்தப் பக்கமிருந்து என்பதுதான் தெரியாது. கையைச் சாய்க்கும் சைகை அவரிடமிருந்து மெல்லக் காணாமல்போனது. மைக்காரர் அதையும் கவனித்தார். அக்கா போன பிறகு தாமே இறங்கி வந்து, கடைசி வரிசையின் இடது கோடியில் காது வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

இந்த நிலையில்தான் நகராட்சிக்குப் பெருமை வந்தது. துறைமுகத்தின் ஏழாம் எண் தானியக் கிடங்கைப் புதுக் கலையரங்கமாக மாற்றினார்கள். ஆயிரத்து இருநூறு இருக்கை. உத்தரத்தில் இன்னும் கோதுமை வாசனை. வெளியூரிலிருந்து ஓர் ஒலிப் பொறியாளர் வந்திருந்தார். இளைஞர், பெட்டி நிறையக் கருவிகள், யாரையும் முழுசாகப் பேச விடாத அவசரம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் சோதனை. மைக்காரர் ஒரு பத்தி படித்தார். அக்கா கையைத் தூக்கினார். மைக்காரர் வழக்கம்போல் இடது கோடிக்கு இறங்கக் கிளம்பியபோது பொறியாளர் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க? இந்த பட்டனெல்லாம் யாரு பாக்கிறது?"

"இல்ல சார், ஒரு தடவ அந்தப் பக்கம்..."

"அதான் அந்தம்மா கையத் தூக்கிட்டாங்களே. அதுக்குத்தானே சம்பளம்."

இடது பக்க ஸ்பீக்கருக்கு ஒயரே மாட்டியிருக்கவில்லை.

விழா மூன்று மணி நேரம் நடந்தது. பின்பக்கம் இடது மூலையில் இருந்த அறுபது பேருக்கு மூன்று மணி நேரமும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் எழுந்து புகார் சொல்லவில்லை. வலது பக்கம் சிரித்தபோது சிரித்தார்கள். கை தட்டியபோது தட்டினார்கள். வெளியே வந்து, அருமையான அரங்கம் என்றார்கள். ஆனால் அவர்களில் ஆறு பேர் அந்த வாரம் தனித்தனியாக, வீட்டுக்குக்கூடச் சொல்லாமல், காது டாக்டரிடம் போனார்கள். புது அரங்கம், இத்தனை கோடி செலவு, அதில் கேட்கவில்லையென்றால் கோளாறு தம் காதில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டாக்டர் ஆறு பேர் காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். ஆறும் அப்பழுக்கில்லாத காது. ஆறாவது ஆள் வந்தபோதுதான் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று விசாரித்தார். பிறகு முடி வெட்டிக்கொள்ளப் போனார். கோளாறு இவர்கள் காதில் இல்லை, அரங்கத்தைச் சோதித்தவர் காதில்தான் போலிருக்கிறது என்று அங்கே சொன்னார். வதந்தி பிறந்தது அப்படித்தான்.

காது நன்றாக இருந்த ஆறு பேர் டாக்டரிடம் போனார்கள். போக வேண்டியவர் போகவில்லை.

ஆணையர் விசாரணை வைத்தார். ஒயர் மாட்டாதது தம் தப்பு என்று மைக்காரர் முந்திக்கொண்டு சொல்லிப் பார்த்தார். அது ஒயர் மாட்டியவரின் தப்பு, கண்டுபிடிக்காதது யாருடைய தப்பு என்று பொறியாளர் கேட்டார். பத்து முறை ஒலி விடுவது, இடதா வலதா என்று அந்தப் பெண்மணி அந்தந்தக் கையைத் தூக்கிக் காட்டுவது, பார்த்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று. இடம் நகர மன்றம், செவ்வாய்க்கிழமை மூன்று மணி.

அன்று இரண்டரைக்கே மைக்காரர் அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவில் காத்திருந்தார்.

"எத்தன நாளா?" என்றார்.

அவர் நின்றது இடது பக்கம்; அக்கா உள்ளே நடந்துகொண்டே இருந்தார்.

"இருங்க, இந்தப் பக்கம் வந்து பேசுறேன்," என்று சுற்றி வந்து வலது பக்கம் நின்றார். "எத்தன நாளா?"

"காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல."

"எப்படிச் சொல்ல? கையத் தூக்கத்தான தெரியும் எனக்கு."

மைக்காரர் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. தீ விபத்து விதி படிச்சா வலது. கண்டெடுத்த பொருள் பட்டியல் படிச்சா இடது. அவ்வளவுதான். அந்த எஞ்சினியருக்குத் தெரியாது."

"தப்பில்லையா மைக் சார்?"

"தப்புதான். எங்க வீட்டுல கிளிகூட என்ன மதிக்கிறதில்ல. நீங்களும் போயிட்டா நான் யாருக்குப் படிக்கிறது?"

அக்கா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நடு இருக்கையின் கைப்பிடி அவருடைய உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. முன்னால் முப்பது வரிசை காலி. மேடைக்குக் கீழே ஆணையர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் மைக்காரரின் தோளருகே நின்று ஸ்விட்சைக் கையில் வைத்திருந்தார்; அதை எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பது மைக்காரருக்குத் தெரிந்தது.

"மின்கசிவினால் தீ ஏற்பட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது," என்றது அரங்கம். அக்கா வலது கையைத் தூக்கினார்.

"கறுப்புக் குடை ஒன்று, காம்பு உடைந்தது." இடது கை.

"குழந்தையின் ஒற்றைச் செருப்பு, சிவப்பு." இடது.

"பதற்றமின்றி அருகிலுள்ள கதவை நோக்கி நடக்கவும்." வலது.

ஏழு ஒலிக்கு ஏழு கையும் சரி. ஆணையர் போனை மடியில் வைத்துவிட்டு, "கேக்குதே நல்லா," என்றார். பொறியாளர் நெற்றியைச் சுருக்கினார். அவர் அவசரக்காரரே தவிர முட்டாள் இல்லை.

"இந்த ரெண்டு தாளையே ஏன் மாத்தி மாத்திப் படிக்கிறீங்க? வேற ஏதாவது படிங்க."

"வேற ஒண்ணும் இல்லையே சார்."

"சட்டப் பையில என்ன?"

சட்டைப் பையில் இருந்தது அந்தக் கதையின் கடைசித் தாள். இன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தால் படித்துக் காட்டலாம் என்று கிழித்து எடுத்து வந்திருந்தார். மறைக்க வழி இல்லை. பிரித்தார். பென்சில் கோடு இருந்த இடத்திலிருந்து படித்தார்.

"அன்று விடிகாலையில் அந்தச் சங்கு ஒலித்தது. இருபது வருடம் ஆனாலும் சமையல்காரனுக்கு அது எந்தக் கப்பலின் சங்கு என்று தெரியாமல் போய்விடவில்லை."

அக்காவின் கை இரண்டும் மடியில் இருந்தன. குரல் இடதிலிருந்தா வலதிலிருந்தா தெரியவில்லை. ஏதாவது ஒரு கையைத் தூக்கினால் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆணையர் ஏற்கெனவே அவர் பக்கம் சாய்ந்திருந்தார். ஒன்று தவறினாலும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டார். இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். எந்தக் கையைத் தூக்கினாலும் கதை நின்றுவிடும்.

அவர் தூக்கவில்லை.

"தீப்பெட்டி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்," என்று படித்தார் மைக்காரர். படிப்பதற்கு நடுவே கடைசி வரிசையைப் பார்த்தார். கை எழவில்லை. இன்னும் மெதுவாகப் படித்தார். "கப்பல் கரையை நெருங்கியது. அவன் எழுந்து நின்றான். தன்னை யாருக்காவது அடையாளம் தெரியுமா என்று அவனுக்குப் பயமாக இருந்தது."

"கேக்குதாம்மா?" என்று பொறியாளர் பக்கத்திலிருந்து கத்தினார்.

அக்கா ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

அவ்வளவு தூரத்தில் அது யாருக்கும் தெரியவில்லை, ஒருவரைத் தவிர. மைக்காரர் மேலே படித்தார். "மேல்தளத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சமையல்காரனைப் பார்த்ததும் அவர் தமது கையை..."

"போதும்," என்று பொறியாளர் ஸ்விட்சை அணைத்தார். தமது குறிப்பேட்டில், எட்டாவது ஒலி, கேட்கவில்லை, என்று எழுதினார். ஒன்பதும் பத்தும் தேவைப்படவில்லை. இருபத்தோரு வருடத்தில் அக்கா அவ்வளவு கூர்ந்து வேறு எதையும் கேட்டதில்லை. பதிவேட்டில் இருப்பது அதற்கு நேர் எதிர்.

தற்காலிகப் பதவி என்பதால் ரத்து செய்ய ஒரு பாரம்கூட நிரப்ப வேண்டியிருக்கவில்லை. ஆணையர் நல்ல மனிதர். ஆளை வெளியே அனுப்பவில்லை. பயணிகள் கப்பல் முனையத்தில், விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார். இப்போது நாளொன்றுக்கு நானூறு பேர் அக்காவிடம் பேசுகிறார்கள். கழிப்பறை எந்தப் பக்கம், மூன்றாம் மேடை எந்தப் பக்கம், டாக்சி எந்தப் பக்கம். எந்தப் பக்கம் என்று தெரியாததற்காக மாற்றப்பட்டவருக்கு நாள் முழுக்க அதே கேள்வி. கண்ணாடியில் துளைகள் போட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பதிலை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் ஓடுகிறார்கள். கேக்குதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

கடைசி வரிசையில் அவர் இடத்தில் இப்போது முக்காலி மேல் ஒரு கருவி நிற்கிறது. அதற்குச் சொல் தேவையில்லை. கூ என்று ஒரு நீண்ட ஒலி போதும். அதற்குக் கை கிடையாது. மைக்காரர் பித்தானை அழுத்துகிறார், திரையில் ஓர் எண் வருகிறது, வீட்டுக்குப் போகிறார். பழக்க தோஷத்தில் ஒரு நாள் "கடைசி வரிசை, கேக்குதா?" என்று கேட்டுவிட்டாராம். பக்கத்தில் இருந்த பொறியாளர், "எழுபத்திரண்டு," என்று எண்ணைப் படித்தாராம்.

புதன்கிழமைகளில் முனையத்தின் ஒலிபெருக்கியைச் சரிபார்க்க அவர் வருவார். வேலை முடிந்ததும் விசாரணை ஜன்னலில், அக்காவின் வலது பக்கமாகப் பார்த்து நிற்பார். பின்னால் பெட்டிகளோடு பயணிகள் முண்டுவார்கள்.

"கடைசித் தாள் எங்கிட்ட பாக்கி இருக்கு," என்றார் முதல் புதன்கிழமை. "பதினோரு வரி. இந்தாங்க, நீங்களே படிச்சுக்கங்க."

"படிக்கிறதுக்கா இருபத்தோரு வருசம் உக்காந்திருந்தேன்?"

"இங்க மைக்ல கப்பல் அறிவிப்பு மட்டுந்தான் படிக்கலாம். ரூல்ஸ்."

"அப்ப இருக்கட்டும்."

"அந்தாளு கையத் தூக்கினாரா இல்லையான்னு மட்டும் சொல்லிடட்டுமா?"

"சொன்னீங்கன்னா அடுத்த புதன்கிழமை எதுக்கு வருவீங்க?"

அவர் யோசித்துவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மடிப்பில் தாள் ஏற்கெனவே கிழிய ஆரம்பித்திருந்தது. பின்னால் நின்றவர், வரிசையில் ஏன் கதை பேசுகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். மேலே கண்ணாடிக் கூண்டில் ஓர் அறிவிப்பு மூன்று முறை சுற்றிவிட்டு இறங்கியது; ஏதோ ஒரு கப்பல் புறப்படுவதாகச் சொல்லியது. பதினோரு வரி இன்றைய தேதி வரைக்கும் பாக்கியாகவே இருக்கிறது.